இரண்டாவது கிட்டார்

ஞாயிற்றுக்கிழமைகளில் ருஹியாத்தின் மூக்குக்கண்ணாடிக் கடைக்குக் கண் பரிசோதிக்கப் போனவர்கள் பாட்டுக் கேட்காமல் வீடு திரும்பியதில்லை. எழுத்துப் பலகையில் மேல் வரியைப் படிக்கும்போதே உள்ளறையில் ரெக்கார்டு சுற்ற ஆரம்பித்துவிடும். "இந்த எழுத்து தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே வருகிற ருஹியாத், திடீரென்று கையை உயர்த்தி, "கொஞ்சம் இருங்க, இந்த இடத்தக் கேளுங்க" என்பார். வந்தவர் ஒரு கண்ணைப் பொத்தியபடி கேட்டாக வேண்டும். இந்தோனேசியாவின் பாண்டுங் நகரத்தில் பாதிப் பேருக்கு 'ஹுஜான் சோரே' இப்படி ஒற்றைக் கண்ணோடுதான் அறிமுகமானது என்று அவருடைய நண்பர் கோசாசி கேலி செய்வார்.

ஹுஜான் சோரே என்றால் மாலை மழை. அந்த ஊர்ப் பையன்கள் ஐந்து பேர் எழுபதுகளில் சேர்ந்து நடத்திய இசைக்குழு. இரண்டே ரெக்கார்டு போட்டார்கள். பிறகு ஒருவன் கப்பல் வேலைக்குப் போனான், ஒருவன் மாமனாரின் அரிசி ஆலையைப் பார்க்கப் போனான், குழு கலைந்துவிட்டது. அவர்கள் கலைந்து வெகுகாலம் கழித்துத்தான் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ருஹியாத்துக்கும் கோசாசிக்கும் அந்தப் பாட்டுகள் காதில் விழுந்தன. பழைய சந்தையில் இரண்டாவது ரெக்கார்டைக் கண்டுபிடித்தபோது தனியாக வாங்க இருவராலும் முடியவில்லை. கூட்டாக வாங்கி, ஒரு மாதம் இவன் வீடு, மறு மாதம் அவன் வீடு என்று வைத்துக்கொண்டார்கள். ருஹியாத்தின் கல்யாணத்தன்று மாதம் பிறந்தது. விருந்து சாப்பிட்டுவிட்டு மணமக்களை வாழ்த்த வந்த கோசாசி, மாப்பிள்ளையின் காதோரம் குனிந்து, "ரெக்கார்டு எந்த அலமாரில இருக்கு?" என்று கேட்டதை ருஹியாத்தின் மனைவி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

ஐம்பதை நெருங்கும் வயதில் இருவருக்கும் அந்தப் பைத்தியம் முற்றியது. கேட்டது போதும், இனி வாசிப்போம் என்று இறங்கினார்கள். ஹுஜான் சோரேயின் பாட்டுகளை மட்டும் வாசிக்க ஒரு குழு. அதற்கு 'சிசா ஹுஜான்' என்று பெயர் வைத்தார்கள், மழை விட்டுப்போன மிச்சம் என்ற பொருளில். பல் மருத்துவமனையில் நர்ஸாக இருந்த வியார்சி பாடினாள். மீ என்கிற நூடுல்ஸ் விற்கும் கடை வைத்திருந்த தோட்டோங், தன் பெருத்த உடம்பை டிரம்ஸுக்குப் பின்னால் எப்படியோ நுழைத்துக்கொண்டார். கிலாங் இவர்கள் எல்லாருக்கும் பிள்ளை வயது, ஆனால் இசைக் கல்லூரியில் படித்தவன். முதல் கிட்டார் அவன்தான். ஒலிபெருக்கி, எல்லார் சத்தத்தையும் கலந்து வெளியே விடும் மிக்சர் எல்லாவற்றுக்கும் அவனே பொறுப்பு.

ருஹியாத், அடித்தொண்டைச் சத்தம் கொடுக்கும் பேஸ் கிட்டாரை எடுத்துக்கொண்டார். அந்தப் பாட்டுகளின் முதுகெலும்பே பேஸ்தான் என்பது அவருடைய கட்சி. ரயில்வே பார்சல் அலுவலகத்தில் வேலை பார்த்த கோசாசிக்கு இரண்டாவது கிட்டார், அதாவது பாட்டுக்கு அடியில் விடாமல் கார்டு என்கிற சுரக்கூட்டுகளைத் தட்டிக்கொண்டே போகிற கிட்டார். யாரும் அதைத் தனியாகக் கவனிக்க மாட்டார்கள். கோசாசிக்கு அதுதான் பிடித்திருந்தது.

குழுவுக்குத் தலைவர் என்று யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனாலும் ருஹியாத் தலைவரானார். எந்தப் பாட்டு எந்த ஸ்டுடியோவில் பதிவானது, எந்த இடத்தில் டிரம்ஸ்காரன் தும்மினான், அந்தத் தும்மலை ஏன் அழிக்காமல் விட்டார்கள் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் மைக்கைப் பிடித்து அதைச் சொல்வார். கூட்டம் ரசித்துக் கேட்கும். தனக்கு நல்ல காது என்று அவர் நம்பினார். எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள்.

காபிக் கடைகளிலும் நண்பர்கள் வீட்டுக் கல்யாணங்களிலும் வாசித்து வாசித்துக் குழுவுக்குப் பெயர் வந்தது. அப்படியிருக்கும்போது ரெக்கார்டு பிரியர்களின் வருடாந்திரக் கூடுகைக்கு அழைப்பு வந்தது. ஊர் ஊராகச் சேர்த்து வைத்திருப்பவர்கள் பெட்டி பெட்டியாக ரெக்கார்டுகளோடு வந்து கூடும் பெரிய மண்டபம். அழைத்தவர் போனில் இன்னொன்றும் சொன்னார். ஹுஜான் சோரேயில் பேஸ் வாசித்த தார்சோனோ வருகிறாராம். எழுபதைத் தாண்டிவிட்டார், அரிசி ஆலையை மகனிடம் கொடுத்துவிட்டு வீட்டோடு இருக்கிறார், ஆனாலும் வருகிறேன் என்று ஒப்புக்கொண்டாராம்.

ருஹியாத்துக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. குழு எப்படி வாசிக்கிறது என்று வெளியாள் மாதிரி கேட்டுப் பார்க்க நினைத்து, யாரோ கைபேசியில் எடுத்து இணையத்தில் போட்டிருந்த ஒரு கல்யாணக் கச்சேரியைக் கடையில் உட்கார்ந்து கேட்டார். பேஸ் கணீரென்று இருந்தது. அவருக்கே பெருமையாக இருந்தது. வியார்சியின் குரல் நன்றாக இருந்தது. கிலாங்கைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆனால் இரண்டாவது கிட்டார்? மறுபடி ஓடவிட்டார். இருக்க வேண்டிய இடத்தில் கார்டுகளே இல்லை. எப்போதாவது இரண்டு தட்டு, பிறகு வெறுமை. கீழே முகம் தெரியாத ஒருவன், 'இரண்டாவது கிட்டார்காரர் பந்திக்குப் போய்விட்டாரா?' என்று எழுதியிருந்தான். அதற்கு நிறையப் பேர் சிரித்திருந்தார்கள்.

வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும், பாட்டுக்காக யாராவது ஒருவர் கடினமான காரியத்தைச் செய்துதான் ஆக வேண்டும், அந்த ஆள் நானாக இருந்துவிட்டுப் போகிறேன் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். கொஞ்சம் உயர்ந்துவிட்டதுபோல்கூட அவருக்குத் தோன்றியது.

ஒத்திகை எப்போதும் தோட்டோங்கின் மீ கடைக்குப் பின்னால் உள்ள கிடங்கில் நடக்கும். அன்றைக்குக் கோசாசியின் மனைவி இமாஸ் வாழைப்பழம் பொரித்து எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். அவள் தட்டோடு வாசலில் நிற்பதைப் பார்த்தும் ருஹியாத் நிறுத்திக்கொள்ளவில்லை.

"கோசாசி, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. உன் கிட்டார் கேக்கவே மாட்டேங்குது. கேக்குற கொஞ்ச நஞ்சமும் சேத்துல கால் விட்ட மாதிரி இருக்கு."

தோட்டோங் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டார். கிலாங் முன்னால் வந்து, அண்ணன் என்று அந்த ஊர் வழக்கில் அழைத்து, "காங், அது வந்து..." என்று ஆரம்பித்தான். கோசாசி அவனைத் திரும்பிப் பார்த்தார். அவன் அப்படியே நிறுத்திக்கொண்டான்.

"தார்சோனோ ஐயா முன்னாடி வாசிக்கப் போறோம்" என்றார் ருஹியாத். "ஆசை மட்டும் இருந்தா போதாதுல்ல. இந்தத் தடவை நீ கீழ உக்காந்து கேளு. அப்புறம் பாத்துக்கலாம்."

கோசாசி கிட்டாரின் வாரைத் தோளிலிருந்து கழற்றினார். பிறகு, "நீ சொல்றதும் சரிதான்டா" என்றார். கிட்டாரைப் பைக்குள் வைத்தார். காலடியில் கிட்டாரோடு இணைத்திருந்த சின்னப் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எடுத்துக்கொண்டார். இமாஸ் தட்டோடு ஒவ்வொருவரிடமும் வந்து நின்றாள். ருஹியாத்திடமும் வந்தாள். ருஹியாத் இரண்டு எடுத்துக்கொண்டார்.

அறையில் விழுந்த மௌனத்தை எல்லாரும் தன்னோடு ஒத்துப்போவதாக அவர் எடுத்துக்கொண்டார். மறுநாள் வியார்சி கடைக்கே வந்து, கோசாசி இல்லாமல் இந்தக் கச்சேரி வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். பாசம் வேறு, பாட்டு வேறு என்று அவளுக்குப் பொறுமையாக விளக்கி அனுப்பினார். அடுத்து வந்த கிலாங், உடம்பு சரியில்லை என்று சொல்லி விலகிக்கொள்ளலாமா என்று கேட்டான். சின்னப் பையன், பெரிய மேடையைப் பார்த்துப் பயப்படுகிறான் என்று நினைத்து அவன் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

கோசாசி இல்லாமல் நடந்த ஒரே ஒத்திகையில் பாட்டுகள் தொளதொளவென்று இருந்தன. என்னவோ குறைகிறது என்று ருஹியாத்துக்கே பட்டது. மண்டபத்தின் பெரிய ஒலிபெருக்கியில் எல்லாம் சரியாகிவிடும் என்றார். கிளம்பும்போது கிலாங் தயங்கித் தயங்கி, "காங், இந்தத் தடவை உங்க சத்தத்த வெளிய விடணும். வேற வழியில்ல" என்றான்.

"நல்லாவே விடு. நான் எப்ப வேணாம்னு சொன்னேன்?" என்றார் ருஹியாத்.

கூடுகை நாளன்று மத்தியானம் மண்டபம் நிறைந்திருந்தது. சுவரோரமெல்லாம் ரெக்கார்டுப் பெட்டிகள். குனிந்து விரலால் புரட்டிக்கொண்டிருந்தவர்கள் சிசா ஹுஜான் என்று அறிவித்ததும் நிமிர்ந்து மேடைப் பக்கம் வந்தார்கள். முன்வரிசையில் தார்சோனோ கைத்தடியை முழங்காலுக்கு நடுவில் நிறுத்தி உட்கார்ந்திருந்தார். பாத்திக் சட்டை, மொட்டைத் தலை, பெரிய காதுகள். ருஹியாத் அவரைப் பார்த்துக் குனிந்து வணங்கினார். அவருக்கு முன்னால் நிற்பதே கனவு மாதிரி இருந்தது. மைக்கில் வழக்கத்தைவிட அதிக நேரம் பேசினார். தும்மல் கதையையும் சொன்னார். தார்சோனோ சிரித்தார்.

முதல் பாட்டு ஆரம்பித்தது. ருஹியாத்தின் விரல் கம்பியில் பட்டது. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு நின்ற ஒலிபெருக்கிப் பெட்டிகளிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

டேப்பில் தன் குரலை முதல்முதலாகக் கேட்கிறவன், இது நானில்லை என்றுதான் நினைப்பான். ருஹியாத்தும் அப்படித்தான் நினைத்தார். டிரம்ஸ் விழுந்த பிறகு, படியில் தடுக்கிக்கொண்டு வருகிறவனைப் போல ஒவ்வொரு முறையும் அந்தச் சத்தம் பின்னால் வந்தது. சுரம் மாறும் இடத்தில் பக்கத்துச் சுரத்தைத் தொட்டுவிட்டு வழுக்கி வந்தது. மண்டபத்தின் எதிரொலியாக இருக்கும் என்று முதல் பாட்டு முடியும் வரை சொல்லிக்கொண்டார். இரண்டாவது பாட்டில் வேண்டுமென்றே ஒரு இடத்தில் விரலை எடுத்துப் பார்த்தார். சத்தமும் நின்றது.

மூன்றாவது 'ஈரச் சட்டை'. ஹுஜான் சோரேயின் பாட்டுகளில் அங்கிருந்த அத்தனை பேருக்கும் மனப்பாடமானது அதுதான். அது பேஸில் மட்டும், தனியாக ஆரம்பிக்கும். வேறொன்றும் இல்லை, எட்டுச் சுரம், நடந்து வருவது மாதிரி. தார்சோனோ இருபது வயதில் வாசித்தது. ருஹியாத் ஆரம்பித்தார். நான்காவது சுரத்திலேயே கால் இடறியது. சரிசெய்யப் போய் இன்னொன்றை விட்டார். தோட்டோங் தான் நுழைய வேண்டிய இடத்துக்காகக் காத்திருந்து, அது வராமலே போக, சுமாராக ஒரு இடத்தில் நுழைந்தார். வியார்சி ஒரு வரி முன்னால் பாட ஆரம்பித்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். எல்லாம் நின்றது.

கூட்டத்தில் யாரோ ஒருவன் சிரித்தான். கெட்ட சிரிப்பில்லை, தெரியாமல் வந்த சிரிப்பு. மற்றவர்கள் உற்சாகப்படுத்தக் கை தட்டினார்கள். ருஹியாத் மறுபடி ஆரம்பித்தார். அப்போதுதான் பார்த்தார், முன்வரிசையில் தார்சோனோ ஒரு கையை உயர்த்தி, தன் முழங்காலில் மெதுவாகத் தாளம் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். பள்ளி விழாவில் வரியை மறந்துபோன குழந்தைக்கு வாத்தியார் கீழே இருந்து எடுத்துக் கொடுப்பாரே, அந்த மாதிரி. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே ருஹியாத் பாட்டை முடித்தார். எப்படி முடித்தார் என்பது அவருக்குத் தெரியாது.

கீழே இறங்கியதும் பெரியவர் கைத்தடியை ஊன்றி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "என் விரலும் இப்ப இப்படித்தான் தம்பி. சொன்ன பேச்சக் கேக்காது" என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். ருஹியாத்துக்கு அந்தக் கையை உதறிவிட்டு எங்கேயாவது ஓடிப்போகலாம் போலிருந்தது.

மேடைக்குப் பின்னால் போய்க் கிலாங்கைப் பிடித்துக்கொண்டார். என்ன சத்தம் வைத்தாய், எதிரொலியைக் கவனிக்க மாட்டாயா, என்னை அவமானப்படுத்திவிட்டாயே என்றெல்லாம் கத்தினார். அது எதிரொலி இல்லை என்று அவருக்கே தெரியும். தெரிந்துதான் கத்தினார். கிலாங் தலையைக் குனிந்து நின்றான்.

"சொல்லிடு கிலாங்" என்றாள் வியார்சி. "இனிமே என்ன இருக்கு மறைக்க?"

"காங், நீங்க வாசிச்சதுதான் வெளிய கேட்டுச்சு. இத்தன வருஷத்துல இன்னைக்குத்தான் கேட்டுச்சு." கிலாங் நிமிர்ந்தான். "எப்பவும் உங்க சத்தம் உங்க பின்னாடி இருக்கிற பெட்டியில மட்டும்தான், மெதுவா வரும். வெளிய வர்ற பேஸ் கோசாசி காங்கோடது. அவர் காலடியில ஒரு சின்னப் பெட்டி இருக்குமே, அது கிட்டார் சத்தத்தக் கீழ இறக்கிக் கொடுக்கும். உங்க பாகத்த அவர்தான் வாசிச்சுக்கிட்டு இருந்தாரு. அதுக்கு நடுவுல கை ஒழிஞ்சப்பதான் அவரோட கார்டு."

ருஹியாத்துக்குப் புரிய நேரம் பிடித்தது.

"யாரு செய்யச் சொன்னது?"

"அவரேதான். முதல் கச்சேரி முடிஞ்சதும் எங்கிட்ட தனியா வந்து கேட்டாரு. உங்களுக்குத் தெரியவே கூடாதுன்னாரு."

தோட்டோங் டிரம்ஸைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தார். அவருக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரியும். ருஹியாத் பேஸை அங்கேயே சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, கூட்டத்துக்குள் போகாமல், சமையல்கட்டு வழியாக வெளியேறினார்.

அதற்குப் பிறகு கடையில் உட்காருவது அவருக்கு நரகமாகிவிட்டது. மூக்குக்கண்ணாடிக் கடை என்றால் திரும்புகிற பக்கமெல்லாம் முகம் பார்க்கும் கண்ணாடி. மேசை மேல், தூணில், அலமாரிக் கதவில், எங்கே பார்த்தாலும் அவர் முகம். கண்ணாடிகளைத் துணியால் மூடி வைக்கலாமா என்றுகூட யோசித்தார். ஞாயிற்றுக்கிழமை வந்தது. ரெக்கார்டு சுற்றவில்லை. வாடிக்கையாளர் ஒருவர், "இன்னைக்குப் பாட்டு இல்லையா?" என்று கேட்டபோது, மின்சாரம் சரியில்லை என்று பிரகாசமான விளக்கடியில் நின்றுகொண்டு பொய் சொன்னார்.

ஒரு நாள் கடையை அடைத்துவிட்டு அந்தக் கல்யாணக் கச்சேரியை மறுபடி போட்டார். இந்த முறை பேஸை மட்டும் கேட்டார். ஒரு சுரம் பிசகவில்லை. 'ஈரச் சட்டை'யின் ஆரம்பம் ரெக்கார்டில் எப்படி இருக்குமோ அப்படியே, அவசரமில்லாமல் நடந்து வந்தது. இதைக் கேட்டுத்தான் அன்றைக்குப் பெருமைப்பட்டிருக்கிறார். தன்னுடையது என்று நினைத்து, சொந்தக்காரனையே வெளியே போகச் சொல்லியிருக்கிறார். போதாததற்கு அவன் மனைவி பொரித்துக் கொண்டுவந்த பழத்தையும் தின்றிருக்கிறார். அந்த நினைப்பு வந்தபோது இருட்டில் தனியாக இருந்தும் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். நல்ல காது என்று ஊர் சொன்னதே, தன் விரல் வாசிப்பதைக்கூட அடையாளம் தெரியாத காது.

கோசாசி வீட்டுக்குப் போக வேண்டும் என்று தினமும் நினைத்து, தினமும் ஏதோ ஒரு வேலையைக் காரணம் சொல்லித் தள்ளிப் போட்டார். வியார்சி போனில் கூப்பிட்டபோது எடுக்கவில்லை. கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து கூட்டம் கலையும்போது, தூரத்தில் கோசாசியைப் பார்த்துவிட்டு, தான் சட்டென்று ஒரு தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டதை உணர்ந்தார். ஐம்பது தாண்டிய மனுஷன், பள்ளிவாசல் தூணுக்குப் பின்னால். அதற்கு மேல் தாங்கவில்லை. அங்கிருந்து நேராகக் கோசாசி வீட்டுக்குப் போனார்.

இமாஸ் கதவைத் திறந்தாள். உள்ளே வரச் சொன்னாள், மரியாதை குறையவில்லை. காபி வைத்துவிட்டு, எதிரிலிருந்த நாற்காலியில் உட்காராமல் உள்ளே போய்விட்டாள். கோசாசி பின்கட்டிலிருந்து ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். இளைத்திருந்தார், அல்லது ருஹியாத்துக்கு அப்படித் தெரிந்தது.

ருஹியாத் காபியைத் தள்ளி வைத்துவிட்டு, "ஏன்டா எங்கிட்ட சொல்லல?" என்றார்.

"சொன்னா நீ பேஸக் கீழ வச்சிருப்ப. நீ வச்சா குழுவே இருக்காது."

"அப்ப பரிதாபப்பட்டிருக்க."

"முதல்ல அப்படித்தான். அப்புறம் பழகிப் போச்சு." கோசாசி சிரிக்க முயன்றார். "நீ கண்ண மூடிக்கிட்டுத் தலைய ஆட்டி ஆட்டி வாசிப்ப பாரு. அதப் பாக்க நல்லா இருக்கும். அதக் கெடுக்க மனசு வரல."

ருஹியாத் தலை நிமிரவில்லை. மன்னிப்பு என்ற சொல்லை எப்படியோ வெளியே கொண்டுவந்தார். கோசாசி அதை வேண்டாமென்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை.

"ஒண்ணு சொல்லட்டுமா" என்றார். "எனக்கு அந்தப் பாட்டுங்கள்ல பிடிச்சதே ரெண்டாவது கிட்டார்தான். அது உனக்கே தெரியும். இத்தன வருஷமா அத நான் வாசிக்கவே இல்ல ருஹியாத். வாசிக்காத ஒண்ண நல்லா வாசிக்கலைன்னு நீ சொன்ன."

வெளியே தூறல் ஆரம்பித்திருந்தது. கோசாசி எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார்.

"நீ போகச் சொன்னதுகூட பரவால்ல. அன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் இமாஸ் கேட்டா, உங்களுக்கு நெசமாவே வாசிக்கத் தெரியாதான்னு. நான் என்ன சொல்றது? உண்மையச் சொன்னா உன் மானம் போயிடும். ஆமா, எனக்குத் தெரியாதுன்னேன். அவ அழுதா. இத்தன நாள் இவர ஊரே பாத்துச் சிரிச்சிருக்குதேன்னு அழுதா."

ருஹியாத் எழுந்தார். என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலே சமையலறை வாசல் வரை போய் நின்று, இமாஸின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவள் அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள். நடந்ததையெல்லாம் சொன்னார். வாசிக்கத் தெரியாதது யாருக்கு, யாருடைய வாசிப்பை யார் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தது, எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல வார்த்தைகள் குழறின. தன் வயதுக்கு ஒரு பெண் முன்னால் இப்படி நின்றதில்லை.

இமாஸ் அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் வந்து நின்ற கணவனைப் பார்த்தாள்.

"ஆக, இவருக்காக எங்கிட்ட பொய் சொல்லியிருக்கீங்க. என்ன அழவிட்டுட்டு" என்றாள்.

இமாஸ் அடுப்பை மறுபடி ஏற்றினாள். தான் சொன்னால் அந்த வீட்டில் ஏதோ நேராகிவிடும் என்று ருஹியாத் நம்பியிருந்தார். புதிதாக ஒன்றைக் கோணலாக்கிவிட்டோம் என்ற எண்ணத்தோடுதான் அன்றைக்கு மழையில் நனைந்தபடி வீடு திரும்பினார்.

அதன்பிறகு அவர் பேஸைத் தொடவில்லை. கிலாங் தன்னோடு படித்த நெங்சி என்ற பெண்ணை அழைத்து வந்தான். அவள் ஒரே வாரத்தில் எல்லாப் பாட்டுகளையும் கற்றுக்கொண்டுவிட்டாளாம், தோட்டோங் போனில் சொன்னார். கோசாசிதான் வர மறுத்துக்கொண்டிருந்தார். வியார்சி பலமுறை போய்க் கேட்டும் பதிலில்லை. பிறகு மழைக்காலம் முடியும் தறுவாயில், யாரும் கேட்காதபோது, ஒரு நாள் கிட்டார்ப் பையோடு கிடங்கு வாசலில் வந்து நின்றாராம். அவரை அனுப்பி வைத்தவள் இமாஸ் என்று தோட்டோங் சொன்னார். வீட்டில் சும்மா உட்கார்ந்து என் முகத்தைப் பார்க்காதீர்கள், போய் உங்களுக்குப் பிடித்ததை வாசியுங்கள் என்றாளாம்.

சிசா ஹுஜான் மறுபடி வாசித்த நாளில் ருஹியாத்தும் போனார். போகலாமா வேண்டாமா என்று இரண்டு முறை செருப்பைப் போட்டுக் கழற்றிவிட்டுத்தான் போனார். காபிக் கடைத் தோட்டத்தில் சாயங்காலக் கச்சேரி. கடைசி வரிசைக்கும் பின்னால், ஆட்கள் போய்வரும் வழியில் நின்றார். வியார்சி அவரைப் பார்த்துவிட்டாள். பாட்டுக்கு நடுவில் மைக்கை நீட்டி, வந்து கதை சொல்லுங்கள் என்று கையசைத்தாள். சிலர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தலையை ஆட்டி மறுத்து, ஒரு பெரிய பூந்தொட்டிக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார். கோசாசி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

'ஈரச் சட்டை' ஆரம்பித்தது. நெங்சியின் விரல்களிலிருந்து எட்டுச் சுரம் அழகாக நடந்து வந்தது. பிறகு அதற்கு அடியில், யாருக்கும் தெரியாமல் ஒரு கிட்டார் நுழைந்தது. தகரக் கூரையில் தூறல் விழுகிற மாதிரி, விடாமல், ஒரே சீராக. பாட்டு முழுவதும் அதன் மேல்தான் சாய்ந்து நின்றது. பள்ளி நாட்களிலிருந்து ஆயிரம் தடவை கேட்ட பாட்டு. அந்தப் பாட்டின் உயிர் எங்கே இருக்கிறது என்று ஆயிரம் பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறார். இப்போது கோசாசியின் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, அது பேஸில் இல்லை என்று அவருக்குத் தோன்றியது. கோசாசி கண்ணை மூடியிருந்தார். தலை லேசாக ஆடியது. இந்தச் சந்தோஷத்தை வருஷக்கணக்கில் தான் தின்று தீர்த்திருக்கிறோம் என்பது உறைத்தது. பாட்டு அவ்வளவு நன்றாக இருந்தது. அதனாலேயே நிற்க முடியவில்லை. கைதட்டல் எழும்போது அவர் வெளியே, மோட்டார் சைக்கிள்கள் நிறுத்தியிருந்த இடத்தில் இருந்தார்.

எல்லாம் முடிந்த பிறகு கோசாசி சிகரெட் பிடிக்க அந்தப் பக்கம் வந்தார். ருஹியாத்தைப் பார்த்தும் திரும்பிப் போகவில்லை. பக்கத்து வண்டியின் இருக்கையில் சாய்ந்துகொண்டார். சூராபி என்கிற அரிசிமாவு ஆப்பம் சுடுகிற வாசனை தெருமுனையிலிருந்து வந்துகொண்டிருந்தது.

"நல்லா இருந்துச்சா?"

"இருந்துச்சு" என்றார் ருஹியாத்.

"கடைசிப் பாட்டுல ரெண்டாவது சரணத்துல கொஞ்சம் முந்திட்டேன். கவனிச்சியா?"

பழைய ருஹியாத்தாக இருந்தால், ஆமாம், கவனித்தேன், நீ எப்போதும் அங்கே முந்துகிறாய் என்று உடனே சொல்லியிருப்பார். வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டார். காது சூடாகிச் சிவந்தது.

"இல்லடா" என்றார். "எனக்கு அது தெரியாது."

கோசாசி சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்தார். பிறகு, உள்ளே சாமான் ஏற்ற ஆள் தேவைப்படுகிறது, தோட்டோங்குக்கு முதுகு பிடித்திருக்கிறது, வருகிறாயா என்று கேட்டார். ருஹியாத் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அவர் பின்னால் நடந்தார்.